போர்வை வேண்டாம்

செப்டம்பர் 28

மதிப்பிற்குரிய பரிசுக் குழுச் செயலாளர் அம்மா அவர்களுக்கு,

வணக்கம். இதை எழுதுவது ஆதரவற்றோர் காப்பகத்தின் மேலாளர் இல்லை, சமையல்காரன். இங்கே எல்லோரும் என்னைக் கரண்டி என்றுதான் கூப்பிடுவார்கள். மேலாளர் தண்ணீர்த் தொட்டியை எட்டிப் பார்க்க ஏணியில் ஏறி, ஏணியோடு சேர்ந்து இறங்கிவிட்டார். காலில் மாவுக்கட்டு. படுத்தபடியே என்னைக் கூப்பிட்டு, "சபைக்கு வருஷா வருஷம் நன்றிக் கடிதம் போகணும்டா. பழசு ஃபைல்ல இருக்கு. தேதியை மட்டும் மாத்தி எழுதிப் போட்டுடு" என்றார்.

ஃபைலைத் திறந்தேன். உள்ளே இருந்தது ஒரே கடிதம், பல தேதிகளில். 'தாங்கள் அன்புடன் அனுப்பிய போர்வைகள் எங்களுக்குப் பேருதவியாக இருந்தன.' படித்ததும் எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. நாங்கள் பேருதவி என்று எழுத எழுத நீங்கள் போர்வை அனுப்புகிறீர்கள். நீங்கள் அனுப்ப அனுப்ப நாங்கள் பேருதவி என்று எழுதுகிறோம். இரண்டு பக்கமும் மரியாதைக்காரர்கள். இதை யாராவது ஓர் ஆள் நிறுத்தினால்தான் உண்டு.

அம்மா, உங்கள் ஊர் மலை மேல் இருக்கிறது என்று உறையில் பார்த்தேன். அங்கே கிறிஸ்துமஸ் பண்டிகை நேரத்தில் பல் கிட்டிப்போகும் குளிராக இருக்கலாம். எங்கள் ஊர் உப்பளத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. டிசம்பரிலும் மின்விசிறியை நிறுத்தினால் சண்டை வரும். உங்களுக்குக் குளிர்கிறது என்பதற்காக எங்களுக்குப் போர்த்துகிறீர்கள். சமையலறைக்குத் திரை உங்கள் போர்வை. அரிசி மூட்டைக்கு அடியில் விரிப்பு உங்கள் போர்வை. ஓரத்தில் மஞ்சள் பூ தைத்த நீலப் போர்வை எங்கள் நாய்க்கு ரொம்பப் பிடித்துப்போய், யாரையும் பக்கத்தில் விடுவதில்லை.

அதனால் இந்த வருடம் தயவுசெய்து போர்வை வேண்டாம். வேறு எதுவானாலும் சரி. ஒன்றுமே அனுப்பாவிட்டாலும் கோபமில்லை. நான் இப்படி எழுதியது மேலாளருக்குத் தெரியாது.

பணிவுடன்,
கரண்டி

அக்டோபர் 7

காப்பகத்தின் சமையல்காரருக்கு,

உங்கள் கடிதம் வந்து சேர்ந்தது. எனக்கு மட்டும் வந்து சேர்ந்திருந்தால் பரவாயில்லை. மொத்தச் சபைக்கும் வந்து சேர்ந்துவிட்டது.

எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியாது. பரிசு சேர்ப்பைத் தொடங்கும் அன்று, ஆராதனை முடிந்ததும், நான் மேடை ஏறி உங்கள் நன்றிக் கடிதத்தை வாசிப்பேன். உறையை அங்கே வைத்துத்தான் பிரிப்பேன். முன்னாலேயே படித்துப் பார்க்கிற பழக்கம் கிடையாது. என்ன அவசியம்? பாதிக் கடிதம் எனக்கு மனப்பாடம். அன்றும் மைக் முன்னால் நின்று, குரலை வழக்கம்போல் கொஞ்சம் உருக்கமாக வைத்துக்கொண்டு ஆரம்பித்தேன். 'சமையல்காரன்' என்ற இடத்திலேயே நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தினால் ஏதோ மறைக்கிறேன் என்று நினைப்பார்களே என்று மேலே படித்தேன். நாய் வரைக்கும் படித்தேன்.

பின்வரிசையில் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். முன்வரிசையில் யார் முகத்திலும் ஈயாடவில்லை. அந்த மஞ்சள் பூவைத் தைத்தது எங்கள் பொருளாளரின் மனைவி. கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு மாதம் தைத்தார். அவர் எழுந்து வெளியே போனார். பொருளாளர் பின்னாலேயே போனார். நான் மேடையில் தனியாக, கையில் உங்கள் கடிதத்தோடு.

தொலைபேசியில் பேசினால் கத்திவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன். கொடுக்கிறவர்கள் மனசைப் பற்றி ஒரு நிமிடம் யோசித்தீர்களா? குழுவில் எல்லோரும், "நன்றி இல்லாதவங்களுக்கு எதுக்கு? வேற இடம் பார்ப்போம்" என்கிறார்கள். அடுத்த கூட்டம் இருபத்து மூன்றாம் தேதி. அதற்குள் ஒழுங்கான ஒரு மன்னிப்புக் கடிதம் வந்தால் நான் பேசிப் பார்க்கிறேன். வராவிட்டால் என் கையில் ஒன்றும் இல்லை.

செயலாளர்,
பரிசுக் குழு

அக்டோபர் 14

அம்மா அவர்களுக்கு,

நீங்கள் மேடையில் நின்றதை நினைத்து எனக்கு நிஜமாகவே வருத்தம். அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். பூத் தைத்த அம்மாவிடமும் கேட்கிறேன். அந்தப் போர்வையைத் துவைத்து மடித்து வைக்கப் போனேன், நாய் உறுமுகிறது. ஆனால் போர்வை வேண்டாம் என்றதற்கு மன்னிப்புக் கேட்டால் பொய்யாகிவிடும். அதை ஏற்கெனவே ஒரு ஃபைல் முழுக்க எழுதியிருக்கிறோம்.

மேலாளரிடமும் சொல்லிவிட்டேன். அவருக்கு வந்த கோபத்துக்கு, கால் மட்டும் சரியாக இருந்திருந்தால் நான் இப்போது வேறு வேலை தேடிக்கொண்டிருப்பேன். தலையணை ஒன்றுதான் எறிய முடிந்தது.

உங்கள் கடிதம் வந்த அன்று மாலை, வெங்காயம் உரிக்கிற நேரத்தில் அதை எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். இங்கே வெங்காயம் உரிக்க ஆள் கூப்பிட வேண்டியதில்லை, பேச்சுக்காகவே வந்து உட்காருவார்கள். "சரி, போர்வை வேணாம்னு சொல்லிட்டேன். அப்ப என்னதான் வேணும் உங்களுக்கு?" என்று கேட்டேன். அத்தனை பேரும் வெங்காயத்தையே பார்க்கிறார்கள். இவர்களை இதுவரை யாரும் இப்படிக் கேட்டதில்லை, அம்மா. மாத்திரை சாப்பிட்டாச்சா, படுத்தாச்சா, கையெழுத்துப் போட்டாச்சா என்றுதான் கேட்டிருக்கிறார்கள்.

அப்புறம் சிங்காரி மெதுவாக, "லிப்ஸ்டிக் கேட்டா சிரிப்பீங்களா?" என்றாள். தியேட்டரில் டிக்கெட் கிழிக்கிற வேலை பார்த்தவள். சிங்காரி என்பது நாங்கள் வைத்த பெயர். கருஞ்சிவப்புதான் வேண்டுமாம். அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. கோல்கீப்பர் என்று ஒருவர், ஒரு கால் சரியில்லாதவர், கால்பந்து கேட்டார். "உதைக்க இல்ல, பிடிக்க" என்றார். ஓர் அக்கா பூட்டும் சாவியும் கேட்டார். பூட்டி வைக்க என்ன இருக்கிறது என்று கேட்டால், "இனிமே ஏதாச்சும் சேரும்ல?" என்றார். எல்லாவற்றையும் தனித்தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன்.

ஒரே ஓர் ஆள் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. லாரி ஓட்டியவர். எந்தப் பேச்சு எடுத்தாலும் ஒரு வார்த்தையில் நிறுத்திவிடுவதால் அவருக்குப் பிரேக் என்று பெயர். ஒவ்வொரு வருடமும் உங்கள் பெட்டிகள் வரும் நாளில், எல்லோரும் கூடத்தில் சாப்பிட உட்காரும்போது, அவர் போய் வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொள்வார். "கை நீட்டி வாங்கிப் பழக்கமில்லப்பா" என்பார். சாப்பாட்டையும் அன்று தொடமாட்டார். நான் சமைத்த பண்டிகைச் சாப்பாட்டை ஓர் ஆள் சாப்பிடாமல் தனியாக உட்கார்ந்திருப்பது எனக்குப் பொறுக்கவில்லை. அவரை ஒரு தடவையாவது பந்தியில் உட்கார வைக்க வேண்டும், அதுதான் என் ஆசை. என்ன வேண்டும் என்று என்னைக் கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

வேறு இடத்துக்குக் கொடுப்பதாக முடிவு செய்தாலும் தப்பாக நினைக்க மாட்டோம். ஆனால் அவர்களிடமும் என்ன வேண்டும் என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கரண்டி

அக்டோபர் 26

கரண்டி அவர்களுக்கு,

இப்படி எழுதவே கூச்சமாக இருக்கிறது. உங்களுக்குச் சொந்தமாக ஒரு பெயர் இருக்கும். இருந்தாலும் நீங்களே அப்படித்தானே கையெழுத்துப் போடுகிறீர்கள்.

உங்கள் கடிதத்தை இந்தத் தடவை கடையில் வைத்துத் தனியாகப் படித்தேன். பாடம் கற்றுக்கொண்டாயிற்று. நான் இரும்புக்கடை நடத்துகிறவள். ஒருவர் வந்து ஆணி கேட்டால், "என்ன வேலைக்கு? மரமா, சுவரா?" என்று கேட்டுவிட்டுத்தான் எடுப்பேன். கேட்காமல் கொடுத்தால் சாயங்காலமே திரும்பி வந்து சண்டை பிடிப்பார்கள். நீங்கள் கேட்கச் சொன்ன அந்த ஒரு வார்த்தை, நான் நாள் முழுக்க கல்லாவில் நின்று கேட்கிற வார்த்தை. சபையில் மட்டும் அதை எங்கே தொலைத்தோம் என்று தெரியவில்லை.

கூட்டத்தில் நன்றாகச் சண்டை போட்டேன். "கஷ்டப்படுறவங்களுக்கு லிப்ஸ்டிக் எதுக்குங்க?" என்றார் பொருளாளர். "கஷ்டப்படாதவங்களுக்கு எதுக்கோ அதுக்குத்தான்" என்றேன். போதகர் இருமினார். அவர் இருமினால் சிரிப்பை அடக்குகிறார் என்று அர்த்தம். அதோடு கூட்டம் என் பக்கம் சாய்ந்துவிட்டது.

சபைக்கூடத்து வாசலில் ஒரு பலகை மாட்டி, கடையிலிருந்து கொக்கிகள் கொண்டுவந்து அடித்தேன். ஒவ்வொரு கொக்கியிலும் ஒரு சீட்டு. எழுத்து உள்பக்கம், எடுத்த பிறகுதான் படிக்கலாம், மாற்றிக்கொள்ளக் கூடாது. இந்த விதி பொருளாளர் போட்டது. அந்த லிப்ஸ்டிக் சீட்டே அவர் கைக்கு வந்தது. படித்தார். கழுத்திலிருந்து சிவந்தார். மனைவியிடம் நீட்டினார். போர்வைக் கோபம் இன்னும் ஆறாத அந்த அம்மா, "விதி நீங்க போட்டதுதானே, நீங்களே போங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார். அன்றைக்குத்தான் அவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன்.

உங்கள் லாரிக்காரருக்கும் ஒரு சீட்டுப் போட்டேன், ஒன்றும் எழுதாமல். எல்லாச் சீட்டும் போய்விட்டது. வெற்றுச் சீட்டை எடுத்தவர்கள் மட்டும், "இதுல ஒண்ணுமே இல்லையேங்க" என்று திருப்பி மாட்டிவிட்டுப் போனார்கள். கடைசியில் நானே எடுத்துக்கொண்டேன். இப்போது அது என் கல்லாவில் இருக்கிறது. நான் கேட்காமல் சாமான் எடுத்துக் கொடுக்கமாட்டேன். அவர் வாயிலிருந்து வாங்கி அனுப்புவது உங்கள் பொறுப்பு.

இரும்புக்கடை அம்மா
(ஊரில் எனக்கும் அப்படித்தான் பெயர்)

நவம்பர் 5

அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்த அன்று வெங்காயத்தால் அழுதவர்கள் பாதி, சிரிப்பால் அழுதவர்கள் பாதி. சிங்காரி பொருளாளருக்காகப் பிரார்த்தனை செய்கிறாள். மேலாளரைக்கூடக் கட்டிலோடு தூக்கிவந்து போட்டோம், அவரும் கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். கோபம் போய்விட்டது. இப்போது அவரும் சீட்டு எழுதுகிறார்: 'உறுதியான ஏணி'.

பிரேக் விஷயம்தான் நடக்கவில்லை. குளிக்கப் போகும்போது கேட்டேன். சவரம் செய்யும்போது கேட்டேன். ரேடியோவா என்றேன், செருப்பா என்றேன், "ம்ஹூம்" என்றார். சாப்பாட்டில் உப்பைக் குறைத்துவிடுவேன் என்று மிரட்டியும் பார்த்தேன். "குறைச்சாத்தான் நல்லாருக்கும்" என்றார். மானம் போயிற்று.

நேற்று அவரே சமையலறைக்கு வந்தார். கதவுப் பக்கம் நின்றுகொண்டு, "அந்தம்மா கடிதத்தை இன்னொரு தடவை படி" என்றார். படித்தேன். வெற்றுச் சீட்டு கல்லாவில் இருக்கிறது என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னார். அவர் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை, அதனால் அப்படியே எழுதுகிறேன்: "வாழ்க்கை பூரா ஊர்ப்பட்ட சாமானை ஏத்தி இறக்கியிருக்கேன்பா. கல்யாண வீட்டுக்குப் பீரோ, பள்ளிக்கூடத்துக்கு பெஞ்சு. கொண்டுபோய்க் குடுக்கிறப்ப அவங்க மூஞ்சி எப்படி மலரும் தெரியுமா? இங்க வந்ததுலேர்ந்து அதைப் பார்க்கல. வாங்கிக்கிற மூஞ்சியாவே ஆயிப்போச்சு என் மூஞ்சி. எனக்கு எதுவும் வேணாம். ஒரு சீட்டு குடு, நான் யாருக்காச்சும் செய்யுறேன். அந்தம்மா எல்லாருக்கும் கேட்டுக் கேட்டுச் செய்யுதே, அதுக்கு என்ன வேணும்னு எவனாச்சும் கேட்டிருப்பானா?"

நானும் கேட்கவில்லையே!

அதனால் அந்த வெற்றுச் சீட்டில் நீங்கள்தான் எழுத வேண்டும். உங்களுக்கு என்ன வேண்டும்? அவரால் செய்ய முடிந்ததாக இருந்தால் செய்வாராம். செய்துவிட்டால் அன்று பந்தியில் உட்காருவாராம். "குடுத்தவனுக்குச் சாப்பிடக் கூச்சம் இருக்காது" என்றார். என் ஆசை இப்போது உங்கள் கையில் இருக்கிறது.

கரண்டி

நவம்பர் 17

தம்பி கரண்டிக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. கடையில் சரக்குக் கணக்கெடுப்பு, வேலை தலைக்கு மேல்.

பொருளாளர் கதையைக் கேளுங்கள். மூன்று கடை வாசல் வரை போய்விட்டுத் திரும்பி வந்தாராம். நான்காவது கடையில் உள்ளே போய், விற்கிற பெண்ணிடம், "எனக்கு இல்லம்மா" என்றுதான் பேச்சை ஆரம்பித்திருக்கிறார். கருஞ்சிவப்பில் எத்தனை வகை இருக்கிறது தெரியுமா என்று இப்போது எங்களுக்குப் பாடம் எடுக்கிறார். புறங்கையில் வரிசையாகக் கோடு போட்டுப் பார்த்துத்தான் வாங்கினாராம். அந்தக் கையோடு அப்படியே சபைக்கு வந்து காணிக்கைப் பையை நீட்டினார். அவர் மனைவி சிரித்த சிரிப்பில் பாட்டே நின்றுபோனது. வீட்டில் சமாதானம் ஆகிவிட்டது.

கால்பந்துச் சீட்டு பாடகர் குழுத் தலைவருக்கு. வாங்கிய பந்து சரியாகத் துள்ளுகிறதா என்று சபைக்கூடத்திலேயே சோதித்து ஒரு ஜன்னலைக் காலி செய்துவிட்டார். புதுக் கண்ணாடி என் கடையிலிருந்துதான் போகிறது. பூட்டும் சாவியும் தனியாக எடுத்து வைத்துவிட்டேன், பித்தளை, நல்ல கனம். பூட்டு மட்டும் போதுமா, அதனால் ஒரு தகரப் பெட்டியும் சேர்த்திருக்கிறேன்.

லாரிக்காரரிடம் என் நன்றியைச் சொல்லுங்கள். பெரிய மனசு. எனக்கு என்ன குறை? கடை இருக்கிறது, வீடு இருக்கிறது, மகன் தூர தேசத்தில் நன்றாக இருக்கிறான். எனக்கு ஒன்றும் வேண்டாம். அவரைப் பந்தியில் உட்காரச் சொல்லுங்கள், அதுவே எனக்குப் போதும்.

இரும்புக்கடை அக்கா

நவம்பர் 24

அக்காவுக்கு,

நீங்களே அக்கா என்று கையெழுத்துப் போட்டுவிட்டீர்கள், இனி மாற்ற முடியாது.

படித்துக் காட்டினேன். பொருளாளர் வரைக்கும் பிரேக்கும் சிரித்தார். கடைசிப் பத்தி வந்ததும் எழுந்துவிட்டார். "இது அந்தம்மா பதில் இல்லப்பா. இது என் பதில். இத்தனை நாளா நான் சொல்லிக்கிட்டிருக்கிறதை அப்படியே திருப்பி எழுதியிருக்கு. வேற எழுதச் சொல்லு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

போய் எங்கே உட்கார்ந்தார் தெரியுமா? கேட்டுப் பக்கத்தில், அந்த ஸ்டூலில். பண்டிகைக்கு இன்னும் எவ்வளவோ நாள் இருக்கிறது, இப்போதே போய் உட்கார்ந்துவிட்டார்.

எல்லோரையும் கேட்கச் சொல்லிப் பலகை மாட்டினீர்கள். இப்போது உங்களைக் கேட்டால் சரக்குக் கணக்கெடுப்பு என்கிறீர்கள். எனக்குக் கோபம்தான், அக்கா. கேட்பது சுலபம், சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தெரியும். அவர்கள் சொன்னார்கள்.

தம்பி

டிசம்பர் 3

தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் உன்னைத் திட்டிக்கொண்டே இருந்தேன். ஆணி வாங்க வந்தவர்கள்மேல் எல்லாம் எரிந்து விழுந்தேன். அப்புறம் கடையை அடைத்துவிட்டு, சீட்டை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். என்ன வேலைக்கு, மரமா, சுவரா என்று என்னையே கேட்டேன். ஒன்றும் வரவில்லை. பசித்தது. சட்டியில் இருந்ததைக் கிண்ணத்தில் போட்டு, வழக்கம்போல அடுப்புப் பக்கத்தில் நின்றபடியே தின்றேன். வாய் பாதி மென்றுகொண்டிருக்கும்போது பதில் தெரிந்துவிட்டது.

சொல்கிறேன், சிரிக்காதே. எனக்கு உட்கார்ந்து சாப்பிட வேண்டும்.

கல்யாணமான நாளிலிருந்து நான் நின்றுகொண்டுதான் சாப்பிட்டிருக்கிறேன். முதலில் மாமனார், மாமியார், அவர்களுக்கு அப்புறம் அவர், அப்புறம் பையன். எல்லோரும் முடித்து எழும்போது சாப்பாடு ஆறியிருக்கும். அவர் நல்ல மனுஷர், "நீயும் உட்காரேன்" என்பார். யார் எடுத்து வைப்பது? அவர் போன பிறகு கல்லாவை விட்டு வர முடியாமல் நின்றே பழகிவிட்டது. சபை விருந்தில் பரிமாறுகிற முதல் ஆள் நான்தான். எனக்கு எடுத்து வைத்திருப்பதாகச் சொல்வார்கள், அது எங்காவது ஒரு மூடிக்கு அடியில் இருக்கும். யார்மேலும் எனக்குக் குறை இல்லை. பரிமாறுவதில் எனக்குச் சந்தோஷம்தான், பொய் சொல்லவில்லை.

ஆனாலும் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நான் மேஜையில் உட்கார்ந்திருக்க, சூடாக ஒருவர் கொண்டுவந்து வைக்க வேண்டும். இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா என்று என்னைக் கேட்க வேண்டும். இதை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. உன்னிடம் சொல்கிறேன், லாரிக்காரரிடமும் சொல். வெங்காயம் உரிக்கிற நேரத்தில் மட்டும் படிக்காதே, அத்தனை பேர் முன்னால் எனக்கு வெட்கமாக இருக்கும்.

சீட்டில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன்.

அக்கா

டிசம்பர் 10

அன்பு அக்காவுக்கு,

தனியாகத்தான் படித்துக் காட்டினேன், சத்தியம். கேட்டுப் பக்கம் போய், பிரேக்கின் ஸ்டூலுக்கு அருகே தரையில் உட்கார்ந்து படித்தேன். முடித்ததும் அவர் சீட்டை வாங்கி, மடித்து, சட்டைப் பையில் வைத்துப் பித்தானைப் போட்டார். ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். "உன் ஏப்ரனைக் குடு. பரிமாறுறது எப்படின்னு சொல்லிக் குடு" என்றார்.

அக்கா, லாரி ஓட்டிய கைக்கு அகப்பை பிடிக்க வரவில்லை. முதல் நாள் தட்டில் விழுந்ததைவிட என் காலில் விழுந்ததுதான் அதிகம். சூப்பை ஊற்றினால் ஸ்டியரிங்கைத் திருப்புவதுபோல் தோளோடு திரும்புகிறார். சிங்காரியை உட்கார வைத்துப் பழகினோம். அவள் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "நீங்க மூஞ்சியைக் கொஞ்சம் சிரிச்ச மாதிரி வெச்சுக்கங்க, பயமா இருக்கு" என்றாள். இப்போது காப்பகம் முழுவதும் தினமும் அவர் கையால்தான் சாப்பிடுகிறது. எனக்கு வேலை மிச்சம். எதற்காகப் பழகுகிறார் என்று யாருக்கும் தெரியாது, யாரோ பெரிய மனிதர் வருகிறார் என்று பேசிக்கொள்கிறார்கள். அது உண்மைதானே!

இந்த வருடம் பெட்டிகளைத் தனியாக அனுப்பாதீர்கள். கூடவே நீங்களும் வாருங்கள். பண்டிகைக்கு மறுநாள், மதியச் சாப்பாட்டுக்கு. இரவு பஸ் ஏறினால் காலையில் இறங்கலாம். பொருளாளர் தம்பதியும் வந்தால் சிங்காரிக்குச் சந்தோஷம். நாய் அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்காது, நான் கேட்கிறேன். மேலாளர் கைத்தடியோடு நடக்க ஆரம்பித்துவிட்டார், வரவேற்புரை எழுதிக்கொண்டிருக்கிறார். ஃபைலைப் பார்க்காமல் எழுதும்படி சொல்லியிருக்கிறேன்.

ஒரே ஒரு நிபந்தனை. சமையலறை வாசற்படியை நீங்கள் தாண்டக் கூடாது. "ஏதாவது எடுத்து வைக்கட்டுமா?" என்று கேட்டபடி எட்டிப் பார்த்தால்கூட, பூட்டு அக்காவிடம் சொல்லி உள்ளே பூட்டிவிடுவேன்.

தம்பி

ஜனவரி 2

அன்புத் தம்பிக்கு,

சுகமாக ஊர் வந்து சேர்ந்தோம். இங்கே குளிர் நடுக்குகிறது. போர்த்திக்கொண்டுதான் எழுதுகிறேன், நீ சிரிப்பாய் என்று தெரியும்.

உன் சமையலறையிலிருந்து நீ பார்க்காததைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நீ உள்ளே பாத்திரங்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாய். சிங்காரி உதட்டைக் காட்டிக்கொண்டு கூடத்தை மூன்று தடவை சுற்றி வந்ததையும், பொருளாளர், "அந்த நிறம்தான் பொருந்தும்னு எனக்குத் தெரியும்" என்று பெருமையடித்துக்கொண்டதையும் நீ கேட்டிருப்பாய். கோல்கீப்பர் உட்கார்ந்தபடியே பிடித்த ஒரு பந்துக்குப் பாடகர் குழுத் தலைவர் கத்திய கத்தல் உப்பளம் வரைக்கும் கேட்டிருக்கும். அதெல்லாம் இல்லை, நான் சொல்ல வந்தது வேறு.

என்னை நடுமேஜையில் உட்கார வைத்துவிட்டு மேலாளர் போய்விட்டார். தம்பி, எனக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. யாருடைய தட்டு காலியாக இருக்கிறது, யாருக்குத் தண்ணீர் இல்லை என்று கண் பாட்டுக்கு ஓடுகிறது. இரண்டு தடவை நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டேன். அப்போதுதான் அவர் வந்தார், உன் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, படிய வாரிய தலையோடு. என் முன்னால் தட்டை வைத்தார். ஆவி பறந்தது. ஒரு சொட்டு வெளியே விழவில்லை. சிரித்த மாதிரி முகத்தை வைத்துக்கொள்ளச் சிங்காரி சொல்லிக்கொடுத்தாள் என்று எழுதியிருந்தாயே, அது தேவைப்படவே இல்லை. அந்த மனுஷருக்குத் தானாகவே சிரிப்பு வந்துகொண்டிருந்தது.

"சாப்பிடுங்கம்மா. சூடா இருக்கு" என்றார்.

சாப்பிட்டேன். முதல் வாயிலேயே கண் கலங்கிவிட்டது. காரம் என்று சொல்லிச் சமாளித்தேன். அவர் நகரவில்லை, அகப்பையோடு பக்கத்திலேயே நின்றார். "நீங்க உட்காரலையா? குடுத்தவருக்குக் கூச்சம் இருக்காதுன்னு சொன்னீங்களாமே" என்றேன். "நீங்க முடிங்கம்மா, நான் அப்புறம்" என்றார். எனக்குச் சுரீர் என்றது. ஆயுசு முழுக்க நான் சொன்ன வார்த்தை அது. "அந்த அப்புறம் என்னன்னு எனக்குத் தெரியும். அது ஆறிப்போன சாப்பாடு. உட்காருங்க" என்றேன், கல்லாவில் பேசுகிற குரலில். அவர் ஏப்ரனை அவிழ்த்து நாற்காலி முதுகில் போட்டுவிட்டு எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அப்போதுதான் நீ கதவு வழியாக எட்டிப் பார்த்தாய். உன் முகத்தை நீ பார்த்திருக்க முடியாது, நான் பார்த்தேன்.

நீ ஓடிவந்து அவருக்குத் தட்டு வைத்தாய், அழுகிறாயா சிரிக்கிறாயா என்று தெரியாமல். பிறகு என் பக்கம் திரும்பி, "அக்கா, இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா?" என்று கேட்டாய்.

தட்டு பாதிக்கு மேல் நிறைந்துதான் இருந்தது. வயிறும் நிறைந்துவிட்டது. 'போதும்' என்ற சொல் பழக்கத்தில் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அதை விழுங்கிவிட்டு, தட்டை உன் பக்கம் நகர்த்தி, "வை" என்றேன்.

அக்கா